அருவிக்கு இறங்கிய படிகள்

பொத்தேரியில் நான் வேலை பார்க்கும் மாணவிகள் விடுதியில், மெஸ் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு திங்கட்கிழமை காலை நான்கு கூடாரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. புதிதாக வந்திறங்கிய மிளகாயை வெயிலில் பரப்ப இடம் பார்க்கத்தான் நான் மேலே ஏறிப் போயிருந்தேன். மூன்றாம் வருடம் படிக்கும் பெண் ஒருத்தி ஒரு கூடாரத்தை உதறிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து காய்ந்த புல்லும் மண்ணும் கொட்டின.

எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். ஜவ்வாது மலை என்றாள். செல்போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். மலைமேல் ஓர் அகன்ற புல்வெளி. இடுப்பளவு புல், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் ஓரத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் கரும்பாறையை உரசிக்கொண்டு ஓர் அருவி.

"நானும் ஒரு தபா போவணும்மா. எப்பிடிப் போறது?" என்று கேட்டேன்.

அவள் பார்வை என் இடது கால் பக்கம் போய்த் திரும்பியது. "உங்களுக்கு வேணாம்ணா. அருவிக்கு முந்நூறு படிக்கு மேல இறங்கணும். ஒரே கல்லும் முள்ளும். ரொம்பக் கஷ்டப்படுவீங்க" என்றாள். அதில் கேலி ஒன்றும் இல்லை. பெற்ற அப்பனிடம் சொல்வதுபோல் பரிவோடுதான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க ஸ்டோரில் உட்கார்ந்து பருப்பு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த 'வேணாம்ணா' மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்னால், ஒரு மழை நாளில், பரனூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் என் வண்டியின்மேல் லாரி ஒன்று ஏறியது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளவு மட்டும் மிஞ்சியது. எங்கள் வீட்டில் அதற்கு மிச்சக்கால் என்று பெயர். அதன்மேல் மெத்தென்ற உறை ஒன்றை மாட்டி, அதற்குமேல் பருத்திச் சாக்ஸ் போட்டு, அப்புறம் செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் இறக்குவேன். தினமும் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். பேன்ட் போட்டு நடந்தால் சட்டென்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் எனக்கு ரயிலில் இடம் கொடுப்பார்கள், என் பையை வாங்கிக்கொள்வார்கள், படியில் கை கொடுப்பார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆறு வருடமாக நல்லவர்களின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்ததில், நானாக எங்காவது போய் வந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது.

அன்று சாயந்திரம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். அவள் குழந்தைகளுக்காக வெட்டிக்கொண்டிருந்த காகிதப் பூக்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னாத்துக்கு?" என்றாள்.

"சும்மாதான். கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கி, அருவியில குளிச்சிட்டு வரலாம்."

"வூட்ல பாத்ரூம் நல்லாத்தான கீது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இத்தோட விட்டுடுய்யா. ஐம்பத்திரெண்டு நாள் ஆஸ்பத்திரித் தரையில பாய் போட்டுப் படுத்துக் கெடந்தேன். இன்னொரு தபா என்னால முடியாது" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகை கிடையாது. ஆனாலும் மறுநாள் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். திருக்கழுக்குன்றம் மலையில் ஐந்நூற்றுச் சொச்சம் படி இருக்கிறது. யார் கையையும் பிடிக்காமல் அதில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். காட்டினால் மேற்கொண்டு பேசலாம். என்னால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னாள். அதைப் பிற்பாடு அவளே ஒப்புக்கொண்டாள்.

ஆடி மாதம் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்தில் நின்றேன். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எட்டரை மணிப் பூசைக்குப் போகிற குடும்பம். கோயில் படியில் என்னைப் பார்த்தால் யார் என்ன சொல்வார்களோ என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அடிவாரத்தில் பூ விற்கும் அம்மா நான் நடக்கும் தினுசைப் பார்த்ததும் கண்டுகொண்டாள்.

"வேண்டுதலாப்பா?"

"ஆமாம்மா" என்றேன். அது பொய் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

செயற்கைக் கால் பொருத்திய ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். கேட்க எளிது. தொண்ணூறாவது படியில் வலது தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டிப் போன ஒரு குடும்பம், "மெதுவா வாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனது. அன்று அங்கிருந்தே இறங்கினேன். ஏறுவதல்ல, இறங்குவதுதான் பெரும்பாடு என்பது அப்போதுதான் தெரிந்தது. செயற்கைப் பாதத்துக்குப் படியின் விளிம்பு தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முழு உடம்பும் அந்த ஒரு சாண் எலும்பின்மேல் இறங்கும்.

அடுத்த ஞாயிறு நூற்று இருபது. அதற்கு அடுத்தது நூற்றைம்பது. ஆவணியில் ஒருநாள் இறங்கும்போது விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். வீட்டில் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். என் மனைவி மருந்து போட்டுக்கொண்டே, "அந்தக் கதவுக்கு எத்தினி படி?" என்று மட்டும் கேட்டாள்.

படி போதாது என்று மணலும் சேர்த்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயந்திரங்களில் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வாடகைக் கார் ஓட்டுகிறவன், நெம்மேலிக் கடற்கரைக்கு என்னை அழைத்துப் போவான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு அவன் செல்போன் பார்ப்பான். நான் மணலில் நடப்பேன். செயற்கைப் பாதம் புதையும், இழுத்தால் கிண்ணம் கழல்வதுபோல் வரும். தொடைச் சதையை இறுக்கி இழுக்கக் கற்றுக்கொள்ள மூன்று சனிக்கிழமை ஆயிற்று. அலை எட்டும் இடத்துக்கு மட்டும் போகமாட்டேன். விபத்துக்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததில்லை. செயற்கைக் கால் நனையக்கூடாது, கழற்றிவிட்டால் எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் வேண்டாம் என்று வைத்திருந்தேன்.

ஐப்பசி மழை நின்ற ஒரு ஞாயிறு, உச்சி வரை ஏறினேன். மேலே நின்று பார்த்தால் ஏரியெல்லாம் நிரம்பிக் கிடந்தது. ஏறியதைவிட இறங்க அதிக நேரம் பிடித்தது. கடைசிப் படியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் வரச் சொல்லவே இல்லை. பூக்கார அம்மாவிடம் பேசிக்கொண்டு, ஒரு மணி நேரமாக நான் இறங்குவதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"எப்போ போறோம்?" என்றாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் புறப்பட்டோம். நான், மனைவி, மச்சான் மூன்று பேர். மச்சான் தன் காரையே கொண்டுவந்தான். உத்திரமேரூர், வந்தவாசி, போளூர் என்று போய் மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் மனைவி கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னாள். மச்சான் அவளைக் கேலி செய்துகொண்டே வந்தான்.

"அக்கா, நீ கண்ண மூடிக்கோ, பரவால்ல. நானும் மூடிக்கட்டுமா?"

"வாய மூடு, அது போதும்."

கூடாரம் போடும் இடத்தை மலைக் கிராமத்துப் பெண்கள் குழு ஒன்று நடத்துகிறது. பொறுப்பாக இருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். காரிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்தாள். "எந்தக் கால்?" என்று கேட்டாள். இடது என்றேன். "முட்டிக்குக் கீழயா, மேலயா?" கீழே என்றேன். "அப்ப ஆவும்" என்று சொல்லிவிட்டு, வேலியோரம் போய் ஒரு மூங்கில் கம்பை வெட்டி, கணுக்களைச் சீவி என் கையில் கொடுத்தாள். ஆறு வருடத்தில் என் காலைப் பற்றி இத்தனை சுருக்கமாக யாரும் பேசி முடித்ததில்லை.

அந்தப் புல்வெளியைப் படத்தில் பார்த்ததற்கும் நேரில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை. மழைக்காலம் முடிந்து புல் முற்றி, வைக்கோல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அதை அறுத்துக் கூரை வேய்வார்களாம். காற்று வரும்போது முழு மேடும் நகர்வதுபோல் தெரிந்தது. ஒரு மரம்கூட நடுவில் இல்லை. எங்கள் பக்கத்தில் வெட்டவெளி என்றால் அது ஏரி, இல்லாவிட்டால் கடல், இல்லாவிட்டால் பிளாட் போட்டுக் கல் நட்ட வயல். நிலம் இப்படிச் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. என் தாத்தாவும் அப்பாவும் ஆயுள் முழுக்கப் பிறர் நிலத்தில் குனிந்தே நின்றவர்கள். யாருடைய வயலும் இல்லாத அந்த மேட்டில் நிமிர்ந்து நின்றபோது அவர்கள் ஞாபகம் வந்தது. அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் கூடாரத்தின் ஜிப்பை இழுத்து இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். பாம்பு நுழையுமா என்பதுதான் அவள் கவலை.

கூடாரத்தின் முளைகளை நானே அடித்தேன். மண்டியிட முடியாது என்பதால், உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து ஒவ்வொன்றாக அடித்தேன். மச்சான் சுத்தியலை வாங்க இரண்டு முறை கை நீட்டினான். மூன்றாம் முறை நீட்டவில்லை. விடிய விடிய உட்கார்ந்திருக்கப் போவதாகச் சபதம் செய்த மனைவி, எங்களுக்கு முன்னால் தூங்கிப்போனாள்.

காலையில் நாஸ்தா முடித்துவிட்டு எட்டு மணிக்கு அருவிக்குக் கிளம்பினோம். புல்வெளியைக் கடக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. புல்லுக்குள் தரை தெரியவில்லை. எங்கே கல், எங்கே குழி என்று செயற்கைப் பாதத்துக்கு எப்படித் தெரியும்? மூங்கில் கம்பால் முன்னே தட்டித் தட்டித்தான் வைத்தேன். மனைவி என் இடது பக்கத்திலேயே, ஒரு கை தூரத்தில், கையைப் பாதி நீட்டிக்கொண்டு வந்தாள்.

"கைய கீழ போடு. ஒன்ன பார்த்தா எனக்கே பயமா கீது" என்றேன்.

போட்டாள். பத்தடி போனதும் திரும்ப நீட்டினாள்.

படிகள் திருக்கழுக்குன்றம் மாதிரி இல்லை. சில இடங்களில் சிமென்ட், சில இடங்களில் வெறும் பாறையைக் கொத்தி வைத்திருந்தார்கள். ஒன்று அரையடி உயரம், அடுத்தது ஒன்றரை அடி. பயிற்சி எடுத்த காலுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. ஒன்றரை அடிப் படிகளில் உட்கார்ந்து இறங்கினேன். மற்றவற்றில் செயற்கைக் கால் முதலில், நல்ல கால் அப்புறம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாதி வழியிலேயே அருவியின் சத்தம் கேட்டது. கடைசி இருபது படிகளில் சாரல் முகத்தில் அடித்தது.

கீழே ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அருவி இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பாறையில் விழுந்து, அங்கிருந்து விரிந்து கீழே கொட்டியது. அதன் அடியில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் பதித்திருந்தார்கள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடிவிட்டான். மனைவி என்னருகே நின்றாள்.

காலைக் கழற்ற வேண்டும். ஆறு மாதம் படியும் மணலும் பழகினேனே தவிர, இதற்கு மட்டும் நான் பழகவே இல்லை. வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் தவிர வேறெங்கும் அதைக் கழற்றியதில்லை. எதிரே ஒரு சின்னப் பெண்குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டு என்னையே பார்த்தது. பிறகு பேன்ட்டைச் சுருட்டிக் காலைக் கழற்றினேன். உறையை உரித்தேன். குழந்தை பார்த்தது, தன் அம்மாவிடம் ஏதோ சொன்னது, அம்மா அதன் தலையைத் திருப்பினாள், அது மறுபடி திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான் நடந்தது. மற்றவர்கள் தங்கள் பாட்டுக்குக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி செயற்கைக் காலைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினாள். மச்சானைக் கூப்பிட்டேன். ஒருபக்கம் அவன் தோள், மறுபக்கம் மூங்கில். ஒற்றைக் காலில் தத்தித் தத்தித் தண்ணீருக்குள் போனேன். குழாயைப் பிடித்துக்கொண்டதும், "வுடு மச்சான்" என்றேன்.

"வழுக்கும் மாமா."

"தெரியும். வுடு."

விட்டான். தண்ணீர் தலையில் இறங்கியது. மூச்சு நின்று திரும்ப வந்தது. முதுகிலும் தோளிலும் யாரோ கும்மு கும்மென்று குத்துவதுபோல் விழுந்தது. பிறகு ஒன்று நடந்தது. இல்லாத என் இடது பாதம் சில்லிட்டது. விரல்களுக்கு இடையே தண்ணீர் ஓடுவதுபோல, குதிகாலுக்கு அடியில் வழுவழுப்பான பாறை இருப்பதுபோல இருந்தது. விபத்துக்குப் பிறகு அந்தப் பாதத்தில் எனக்கு வலியும் எரிச்சலும் மட்டுமே வந்திருக்கின்றன. குளிர்ச்சி வந்தது அதுவே முதல் முறை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மனைவி புடவையோடு வந்து பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அழுதேனா என்று அவள் பிறகு கேட்டாள். அருவிக்கடியில் யார் கண்டது என்று சொன்னேன்.

கரையில் துடைத்துக்கொள்ளும்போதுதான் பார்த்தோம். மிச்சக்காலின் முன்பக்கம், எலும்பு முடியும் இடத்தில், ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் வழன்று சிவந்து கிடந்தது. இறங்கும்போது உரசியிருக்கிறது, வேகத்தில் நான் கவனிக்கவில்லை. கால் லேசாக வீங்கியும் இருந்தது. உறையை மாட்டிப் பார்த்தேன். கிண்ணத்துக்குள் இறக்கியதும் கண்ணில் பொறி பறந்தது.

மனைவி செயற்கைக் காலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இத்த மாட்டிகினு ஏறினா, மிச்சம் கீறதும் போயிடும். கூடாது" என்றாள். அது பயத்தில் சொன்னதல்ல. அவள் சொன்னது சரி.

மச்சான் முதுகைக் காட்டிக் குனிந்தான். "ஏறு மாமா. நான் தூக்கிகினு போறேன்."

"முந்நூறு படியா? நீயும் வுழுந்து நானும் வுழவா?"

"அப்போ மேல போய் நாலு பேர இட்டாறேன். சேர்ல வெச்சித் தூக்கலாம்."

அது நடக்கக்கூடிய யோசனைதான். மேலே சொன்னால் ஆட்கள் வருவார்கள், பிளாஸ்டிக் நாற்காலியும் வரும். என்னைச் சாமி மாதிரி தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. வீம்பு என்று சொன்னால் வீம்புதான். ஆனால் அந்தப் படிகளில் இறங்கியவன் நான். நான்தான் ஏற வேண்டும்.

"ஒக்காந்துகினே ஏறுறேன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அருவியைப் பார்த்தபடி, படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மேல் படியில் ஊன்றி, வலது காலால் உந்தி, ஒரு படி ஏறி அமர்ந்தேன். அடுத்த படி. அதற்கடுத்த படி.

மனைவியின் முகம் இறுகியிருந்தது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் செயற்கைக் காலைத் துண்டில் சுற்றித் தோளில் சாத்திக்கொண்டாள். "எறங்குனது ஒன் இஷ்டம். ஏறுறதும் ஒன் இஷ்டந்தான். ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

முதல் நாற்பது படி வேகமாகப் போனது. பிறகு கை வலிக்க ஆரம்பித்தது. உள்ளங்கை சிவந்தது. ஒன்றரை அடிப் படிகளில் மூன்று முறை முயன்றால்தான் ஒரு முறை ஏற முடிந்தது. ஈரப் பேன்ட் பாறையில் தேய்ந்து பின்பக்கம் கிழிந்துபோனது. மச்சான் தன் துண்டைக் கொடுத்தான், அதைக் கட்டிக்கொண்டேன். எதிரே இறங்கி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் எதுவும் சொல்லாமல் போனார்கள். ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் மட்டும் நான்கு படி மேலே நின்று செல்போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினான்.

மனைவி அவன் முன்னால் போய் நின்றாள். "அண்ணாத்த, இன்னா எடுக்கிற?"

"இல்லக்கா, பார்க்கிறவங்களுக்கு ஒரு இதுவா இருக்கும். தன்னம்பிக்கை..."

"அது ஒனக்கு வேணும்னா, நீயும் ஒக்காந்து ஏறிப் பாரு. அவரு ஒன் படத்துக்கு ஏறல. போன உள்ள வையி."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அங்கன்வாடியில் மண் தின்னும் பிள்ளையிடம் பேசும் அதே குரல். அவன் போனை உள்ளே வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

பாதிக்கு மேல், ஒரு வளைவில், என்னால் முடியவில்லை. முடியவில்லை என்றால் களைப்பு மட்டுமல்ல, கை மடங்கிக்கொண்டது. தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மேலே பார்த்தால் படிகள் முடிவதாகத் தெரியவில்லை. நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லலாம் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்த மாணவி சொன்னது சரிதான், நான் இங்கே வந்திருக்கக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

அப்போது மனைவி என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். செயற்கைக் காலை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு விஷயம் சொல்லட்டா? ஆறு வருஷமா நீ வேலைக்குப் போனா, நான் போன கையிலயே வெச்சிகினு கீறேன். புள்ளைங்களுக்கு முட்ட உரிக்கும்போதுகூட. எப்போ எவன் போன் பண்ணி இன்னா சொல்லப் போறானோன்னு" என்றாள். "இன்னிக்குக் காலைலேர்ந்து போன் எங்க கீதுன்னே தெரியல. கார்லயே வுட்டுட்டேன் போல."

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குப் புடவை இன்னும் காயவில்லை. நெற்றியில் முடி ஒட்டிக் கிடந்தது.

"ஏறலாமா?" என்றாள். அவளும் உட்கார்ந்தபடியே, படிக்கு முதுகைக் காட்டிக் கையை ஊன்றி ஒரு படி ஏறினாள். "ஐயோ, இது பேஜாரான வேலைதான்யா" என்று முனகினாள். மச்சான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

இருபது படி என்னோடு அப்படியே வந்தாள். பிறகு முதுகு பிடித்துக்கொண்டது என்று எழுந்துவிட்டாள். அதற்குள் என் கைக்கு உயிர் வந்திருந்தது. எங்களைக் காணோம் என்று தேடிக்கொண்டு முகாம் பொறுப்பாளர் பெண் இறங்கி வந்தாள். நிலைமையை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி மேலே போய், ஒரு கோணிச் சாக்கும் ஒரு தூக்கில் சாமைக் கஞ்சியும் கொண்டுவந்தாள். சாக்கை நான்காக மடித்து என் இடுப்பில் கட்டிவிட்டாள். "இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா ரெண்டு சாக்கு கொடுத்திருப்பேன்" என்றாள். கஞ்சியைக் குடித்துவிட்டு மிச்சப் படிகளைப் பத்துப் பத்தாக ஏறினேன். பத்து ஏறுவது, நிற்பது, பத்து ஏறுவது.

கடைசிப் படியில் ஏறி அமர்ந்தபோது உச்சிவெயில். இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பெரிதாக ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. புல்லில் மல்லாந்து படுத்துவிட்டேன். காற்று அடித்தது. மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கல்துகள்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். புல்வெளியைத் தாண்டுவதற்கு மட்டும் இரண்டு பேர் தோளில் சாய்ந்துகொண்டேன். அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. முந்நூறு படிக்குப் பிறகு யார் தோளில் சாய்ந்தாலும் சாயலாம்.

அந்தப் புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அத்தனை நாளும் கால் மாட்டவில்லை. ஊன்றுகோலோடு ரயிலேறி வேலைக்குப் போனேன். பேன்ட்டின் இடது காலை மடித்துக் குத்திக்கொண்டு நான் வெளியே நடந்தது அதுதான் முதல் முறை. முதல் இரண்டு நாள் எல்லாரும் பார்ப்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து நானே மறந்துவிட்டேன்.

கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மனைவியும் உடன் வந்தாள். வழியில் ரோட்டைக் கடக்கும்போது அவள் எனக்கு முன்னால் போய், எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு காத்திருந்தாள். என் கையைப் பிடிக்க வரவில்லை. ஒரு பேருந்துக்கும் இன்னொரு பேருந்துக்கும் நடுவில் நானாகக் கடந்து வந்தேன்.

உள்ளே, கட்டை அவிழ்த்த நர்ஸம்மா தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா ஆறிடுச்சி. எப்பிடி ஆச்சி இது? வுழுந்துட்டாரா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "வுழலம்மா. எறங்கி, ஏறினாரு."